தேய்ந்த டைமிங் செயின்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து மாற்றும் வேலைக்கும்

இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரில், காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முகப்பிலிருந்து கரகரவென்று ஓசை எழுந்தால், டைமிங் செயின் போய்விட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லப்படுகிறது. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஆயில் குறைந்த எஞ்சினும், பேரிங் தேய்ந்த ஆல்டர்னேட்டரும், பூட்டு ஊசி தேய்ந்த வி.வி.டி. கியரும் (வால்வுகள் திறக்கும் நேரத்தை முன்பின்னாக மாற்றும் கியர்) ஏறக்குறைய அதே ஓசையைத்தான் தருகின்றன. செயினை மாற்றுவது எஞ்சினின் முன்பக்கத்தை முழுவதும் பிரிக்கும் வேலை என்பதால், எந்த அறிகுறி எந்தக் காரணத்தைக் காட்டுகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே கவரில் கை வைக்க வேண்டும்.

செயின் எப்படித் தேய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த உறவைக் கட்டிக் காப்பது செயின். பணிமனைகளில் செயின் நீண்டுவிட்டது என்பார்கள். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு பிணைக்கும் ஊசியும், அது அமர்ந்திருக்கும் துளையும் தேய்கின்றன. ஓர் இணைப்பில் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 120 இணைப்புகள் உள்ள செயினில் அது 2.4 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாகத் திரண்டுவிடும். அந்த நீளத்தை, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் தண்டை வெளியே தள்ளி ஈடுகட்டுகிறது. தண்டுக்கு மேற்கொண்டு நகர இடமில்லாதபோது செயின் தளர்ந்து, அதற்கு வழிகாட்டும் கைடுகளிலும் முன் கவரிலும் அடிக்கத் தொடங்குகிறது.

அந்த ஊசிகளுக்கும் துளைகளுக்கும் இடையில் இருப்பது ஆயில் படலம் ஒன்றுதான். பெரும்பாலான கார்களில் டென்ஷனரைத் தள்ளுவதும் ஆயில் அழுத்தமே. ஆகவே செயின் கோளாறு என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் கேட்பது ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதைத்தான். கரியும் உலோகத் துகளும் கலந்த பழைய ஆயில், ஊசிகளை அரைக்கும் சாணைப் பசையாகவே மாறிவிடுகிறது.

ஆகையால் எந்த அறிகுறியாக இருந்தாலும் சோதனை டிப் ஸ்டிக்கிலிருந்து தொடங்கட்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால், கையேடு சொல்லும் தரத்தில் ஆயிலை நிரப்பி, மறுநாள் காலை ஓசை வருகிறதா என்று கேளுங்கள். ஆயில் கெட்டு நாளாகியிருந்தால் ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சில வினாடிகள் மட்டும் கரகரப்பு

அறிகுறிகளில் இதுவே முதலில் தோன்றுவது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் ஆயில் கீழே இறங்கிவிடும். டென்ஷனருக்குள் இருக்கும் தடுப்பு வால்வு நல்ல நிலையில் இருந்தால் உள்ளே கொஞ்சம் ஆயில் தங்கும். அல்லது தண்டிலுள்ள பல் அமைப்பு அது பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் தளர்ந்துவிட்டால், ஆயில் அழுத்தம் ஏறும் வரை செயின் ஆடும்; அழுத்தம் வந்ததும் ஓசை அடங்கும்.

இங்கே மூன்று காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது ஆயில் ஃபில்டர். ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு தரமற்ற ஃபில்டரில் சரியாக மூடுவதில்லை. அதனால் காலையில் அழுத்தம் ஏறத் தாமதமாகிறது. ஃபில்டர் மாற்றிய வாரத்திலிருந்தே ஓசை தொடங்கியிருந்தால் சந்தேகம் அங்கேதான் விழ வேண்டும். இரண்டாவது வி.வி.டி. கியர். எஞ்சின் நிற்கும்போது ஓர் ஊசி இந்தக் கியரை ஒரே நிலையில் பூட்டி வைக்க வேண்டும். அந்த ஊசியோ அதன் குழியோ தேய்ந்தால், ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு வினாடிகளில் எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து கடுமையான தட்டல் வந்து சட்டென நிற்கும். மூன்றாவதுதான் செயினும் டென்ஷனரும். அவற்றின் ஓசை முன் கவரின் நடுப்பகுதியிலும் கீழும் கேட்கும். நாள் செல்லச் செல்ல நீளும். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு வினாடி கேட்டது இன்று நான்கு வினாடி கேட்கிறது என்றால், அந்த வளர்ச்சியே முக்கியமான தடயம். கைபேசியில் வாரம் ஒருமுறை பதிவு செய்து வைத்தால் நினைவை நம்ப வேண்டியதில்லை.

காதால் மட்டும் இந்த மூன்றையும் பிரித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கவரின் மேல் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது உதவும். அப்போது ஃபேனும் பெல்ட்டும் எட்டாத தொலைவில் நில்லுங்கள். தளர்ந்த உடை வேண்டாம். ஆனாலும் ஓசை உலோகத்தின் வழியே பரவும் என்பதால், இடத்தைத் தோராயமாகத்தான் அது சொல்லும்.

சூடேறிய பிறகும் நிற்காத ஓசை

எஞ்சின் சூடாகி ஆயில் அழுத்தமும் சரியாக இருக்கும்போது கரகரப்பு தொடர்ந்தால், முதலில் வெளிப்புறக் கருவிகளை விலக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து கேட்பதே எளிய வழி. வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டில் ஓடினால் ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிடக் கூடாது. பெல்ட் இல்லாதபோது ஓசை மறைந்தால் கோளாறு ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பெல்ட் டென்ஷனர் ஆகியவற்றின் பேரிங்குகளில் இருக்கிறது. செயினைத் தொடவே வேண்டாம்.

பெல்ட் இல்லாமலும் ஓசை கேட்டால், பெல்ட்டை மாட்டிவிட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தி நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,500 சுற்றுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். சுற்று இறங்கும்போது செயினின் இழுவை தளர்கிறது. தேய்ந்த செயின் அந்தச் சமயத்தில்தான் கவரிலும் கைடிலும் அதிகமாக அடிக்கும். மாறாக, மேட்டில் ஏறும்போது, சுமை கூடக்கூட வலுக்கும் ஆழமான தட்டல் கனெக்டிங் ராடு பேரிங்கை நினைவூட்ட வேண்டும். அது வேறு வியாதி. அந்த நிலையில் வண்டியை ஓட்டுவதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஓசையோடு சேர்த்து ஆயிலையும் பாருங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டினால், பழுப்பும் கறுப்புமாக விரல் நகத்தைவிடச் சிறிய பிளாஸ்டிக் சில்லுகள் தங்குகின்றனவா என்று தெரியும். அவை கைடின் மேற்பூச்சு உடைந்து விழுந்தவை. ஒருமுறை நான் பிரித்த எஞ்சினில் செயின் புத்தம் புதிதாக இருந்தது. முன்பு ஒரு பணிமனையில் செயினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கைடுகளையே மாட்டியிருந்தார்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கியபோது, ஆயிலை உறிஞ்சும் வலையில் பிளாஸ்டிக் துண்டுகள் செதில் செதிலாக ஒட்டி, வலையின் பாதியை மூடியிருந்தன. புதிய செயின் ஆயில் பசியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, சில்லு கண்ட எஞ்சினில் சம்ப்பை இறக்கி வலையைக் கழுவாமல் நான் வேலையை முடிப்பதில்லை.

எஞ்சின் விளக்கும் பிழைக் குறிகளும்

ஸ்கேனரில் பி0016, பி0017, பி0018, பி0019 ஆகிய குறிகளில் ஒன்று வந்தால், கிராங்கும் கேமும் இருக்க வேண்டிய நிலையில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கணினி சொல்கிறது. செயின் தேய்ந்தால் கேம் பின்தங்கும் என்பதால் இந்தக் குறி இயல்பாகவே செயினை நோக்கி விரல் நீட்டுகிறது. ஆயினும் வி.வி.டி.யைக் கட்டுப்படுத்தும் ஆயில் வால்வு அடைபட்டாலும், ஆயில் அழுத்தம் குறைந்தாலும், வி.வி.டி. கியர் சிக்கிக்கொண்டாலும் இதே குறி வரும். பி0340 வேறு வகை. அது கேம் சென்சாரின் மின்சுற்றைப் பற்றியது, அங்கே கம்பியையும் கனெக்டரையும் முதலில் பாருங்கள். பி0011, பி0014 போன்றவை கேம் வேண்டிய அளவுக்கு மேல் முந்தி நிற்கிறது என்பவை. அவற்றுக்கு ஆயில் வால்வே முதல் சந்தேகம்.

வி.வி.டி. ஆயில் வால்வைக் கழற்றுவது பல எஞ்சின்களில் ஒரு போல்ட் வேலை. அதன் சிறு வலையில் கசடு இருந்தால் சுத்தம் செய்து மாட்டி, குறியை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறி திரும்பவில்லை என்றால் பெரிய செலவு ஒன்று தப்பியது. திரும்பினால், கிராங்க், கேம் சென்சார்களின் அலைவடிவங்களை ஆஸிலோஸ்கோப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, அதே எஞ்சினின் சரியான அலைவடிவத்தோடு ஒப்பிடுவது கவரைத் திறக்காமலே கிடைக்கும் நம்பத்தக்க சான்று.

இழுவை குறைவு, ஐட்லிங் நடுக்கம், அதிக எரிபொருள்

கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி மீண்டும் வெளியேறும். எனவே கம்ப்ரெஷன் அளவு எல்லா சிலிண்டர்களிலும் ஏறக்குறைய சமமாக, ஆனால் குறைவாக இருக்கும். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் காரணம் வால்விலோ ரிங்கிலோ கேஸ்கட்டிலோ இருக்கிறது, செயினில் இல்லை. பெட்ரோல் எஞ்சினில் வேக்குவம் கேஜ் இருந்தால் இன்னும் எளிது: நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டி முள் அசையாமல் நிற்கும், அசையாமலே ஆனால் தாழ்வாக நின்றால் வால்வு நேரம் பின்தங்கியிருக்கக் கூடும். காற்றுக் கசிவும் அப்படிக் காட்டும் என்பதால் குழாய்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகவும், கம்ப்ரெஷனின் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகவும் சுற்றினால், உடனே சாவியை விட்டுவிடுங்கள். செயின் அறுந்திருக்கலாம் அல்லது பல பற்கள் தாண்டியிருக்கலாம். திறந்த வால்வும் ஏறும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கிடும் எஞ்சினாக இருந்தால், ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் இன்னொரு வால்வு வளைய வாய்ப்பு உண்டு. இங்கே செயின் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றைச் செலுத்தி வால்வுகள் மூடுகின்றனவா என்று பார்த்த பிறகே ஹெட்டைக் கழற்றுவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும்.

கவரைத் திறக்கும் முன் கடைசி உறுதி

ஹெட் கவரைக் கழற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சநிலைக்குக் கொண்டுவந்து, கிராங்க் புல்லியின் குறி சரியாக நிற்கும்போது கேம் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) குறிகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கிராங்கை எப்போதும் அது ஓடும் திசையிலேயே திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் தளர்ந்த டென்ஷனரின் பக்கம் இழுபட்டுச் செயின் பல் தாண்டிவிடும் அபாயம் உண்டு. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 18 பற்கள் இருந்தால் ஒரு பல் என்பது கிராங்கின் 20 டிகிரி. அவ்வளவு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தேய்மானத்தால் வரும் சில டிகிரிப் பின்னடைவு அப்படித் தெரியாது. அதற்கு டென்ஷனரைப் பாருங்கள்: பார்வைத் துளை உள்ள எஞ்சினில் தண்டு எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணிக் கையேட்டின் வரம்போடு ஒப்பிடலாம். தண்டு ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்துவிட்டது என்றால் இனி விவாதம் தேவையில்லை.

மாற்றும் வேலை

செயின், எல்லாக் கைடுகள், டென்ஷனர், கிராங்க் சீல், கேஸ்கட்டுகள் ஆகியவற்றை ஒன்றாக வாங்குங்கள். ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி போல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். புதிய செயினைத் தேய்ந்த பற்கள் விரைவில் தின்றுவிடும். வாட்டர் பம்ப் செயின் அறைக்குள் இருக்கும் எஞ்சின்களில் அதையும் இப்போதே மாற்றுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். செயின் எங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: பியட்டின் 1.3 மல்டிஜெட் டீசலில் அது முன்பக்கம், பி.எம்.டபிள்யூவின் என்47 டீசலில் ஃப்ளைவீல் பக்கம் இருப்பதால், கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் முழு வேலையும் செய்ய முடியாது.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, ஆறிய எஞ்சினிலிருந்து கூலன்டையும் ஆயிலையும் வடியுங்கள். எஞ்சின் மவுண்டைக் கழற்ற வேண்டியிருந்தால், சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கியாலோ மேலிருந்து தாங்கும் கம்பியாலோ எஞ்சினைத் தாங்கிய பிறகே கழற்றுங்கள். கிராங்க் புல்லி போல்ட் மிகுந்த இறுக்கத்தில் இருக்கும். புல்லியைப் பிடிக்கும் உரிய கருவியைப் பயன்படுத்துங்கள். கேமையும் கிராங்கையும் நிலைப்படுத்தும் ஊசிகளை அந்த விசையைத் தாங்க வைக்காதீர்கள், அவை உடையும் அல்லது துளையைக் கெடுக்கும். சில எஞ்சின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு பூட்டும் சாவித்துண்டு கிடையாது. போல்ட்டின் இறுக்கமே அதைப் பிடித்து நிற்கிறது. அத்தகைய எஞ்சினில் நிலைப்படுத்தும் கருவிகள் இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் கையைவிட்டுப் போய்விடும். கருவிகள் கைக்கு வரும் வரை காத்திருப்பதே சரி.

முன் கவரின் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அதே இடத்தில் அட்டையில் குத்தி வைத்தால், மாட்டும்போது நீளமான போல்ட் தவறான துளையில் இறங்கி அலுமினியத்தை உடைக்காது. கவரை நெம்புவதற்கென்று விட்டிருக்கும் இடங்களில் மட்டும் நெம்புங்கள். பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். சம்ப்பின் வாயைத் துணியால் அடைத்துவிட்டுச் சுரண்டுங்கள். உராய்வு வட்டுகளை அங்கே கொண்டுவராதீர்கள். அவற்றின் பொடி ஆயிலில் கலந்தால் பேரிங்குகளை அரித்துவிடும்.

டென்ஷனரின் தண்டை உள்ளே அழுத்தி ஊசி குத்தி நிறுத்திக் கழற்றுங்கள். செயின் வெளியே வந்த பிறகு கேமையோ கிராங்கையோ தனியாகத் திருப்பக் கூடாது. கேம் வால்வு ஸ்பிரிங்கின் விசையால் தானே துள்ளும் எஞ்சினாக இருந்தால், நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சின்களில் கிராங்கை உச்சநிலையிலிருந்து கால் சுற்றுத் தள்ளி நிறுத்தினால் பிஸ்டன்கள் எல்லாம் சிலிண்டரின் நடுவில் நிற்கும், வால்வு இடிக்காது. அந்த மாடலின் கையேடு இதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள். வி.வி.டி. கியரைப் பூட்டு நிலையில் வைத்துக் கையால் அசைத்துப் பார்க்கவும் இதுவே சமயம்: பூட்டியிருந்தும் ஆடினால் அதுவும் மாற்ற வேண்டியதே. பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் அருகருகே தொங்கவிட்டால், பழையது கீழே எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பது நேராகத் தெரியும்.

புதிய செயினில் ஆயில் தடவி, நிறமிட்ட கண்ணிகளை ஸ்ப்ராக்கெட் குறிகளோடு பொருத்துங்கள். டென்ஷனர் இல்லாத பக்கம் தளர்வே இல்லாமல் இறுகி நிற்க வேண்டும். எஞ்சியிருக்கும் தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேர வேண்டும். ஒரு பல் பிழை நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கைடுகளையும் டென்ஷனரையும் குறித்த இறுக்கத்தில் மாட்டிய பின் ஊசியை எடுங்கள். பிறகு கிராங்கைக் கையால், ஓடும் திசையில், முழுதாக இரண்டு சுற்றுத் திருப்புங்கள். நடுவில் உலோகம் உலோகத்தை இடிப்பதுபோல் தடை வந்தால் பலம் கொடுக்காமல் நிறுத்தி மீண்டும் குறிகளைப் பாருங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு ஸ்ப்ராக்கெட் குறிகள் தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும். நிறமிட்ட கண்ணிகள் அப்போது அங்கே இருக்காது. அவை பல சுற்றுகளுக்குப் பிறகுதான் மீண்டும் பொருந்தும். இதைக் கண்டு பிழை என்று அஞ்சி மறுபடியும் பிரிப்பவர்கள் உண்டு.

கவரின் சீலன்ட்டை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத பரப்பில், இடைவெளியில்லாத கோடாக இட்டு, அது காய்வதற்குள் கவரை மாட்டுங்கள். கிராங்க் போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால் குறித்த அளவும், சொல்லியிருந்தால் அதற்கு மேல் குறித்த கோணமும் இறுக்குங்கள். சீலன்ட் இறுக வேண்டிய நேரம் கழித்தே ஆயிலும் கூலன்ட்டும் நிரப்புங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன், எரிபொருள் பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஐந்து ஐந்து வினாடியாக ஸ்டார்ட்டரை ஓட்டினால், டென்ஷனர் வெறும் வயிற்றோடு வேலையைத் தொடங்காது.

மாற்றிய பின் தோன்றும் அறிகுறிகள்

முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி கரகரப்பு டென்ஷனரில் காற்று வெளியேறும் வரை இயல்பு. மறுநாள் காலையும் அதே ஓசை வந்தால் டென்ஷனரின் ஊசி எடுக்கப்பட்டதா, வி.வி.டி. கியர் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

பி0016 திரும்பி வந்தால், முதலில் அந்த மாடலுக்குக் கிராங்க், கேம் நிலையை ஸ்கேனரால் புதிதாகக் கற்பிக்க வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள். கற்பித்த பிறகும் குறி இருந்தால் ஒரு பல் பிழையை ஒப்புக்கொண்டு மீண்டும் பிரிக்க வேண்டியதுதான்; அப்படியே ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

கவரின் மேல் மூலையில், ஹெட்டும் பிளாக்கும் கவரும் கூடும் இடத்தில் ஆயில் ஈரம் கண்டால், அந்தச் சந்தியில் சீலன்ட் போதவில்லை. கசிவு சிறிதாக இருக்கும்போதே அந்த மூலையைச் சரிசெய்யுங்கள். மேலிருந்து பூசும் சீலன்ட் உள்ளிருந்து வரும் ஆயிலை நிறுத்தாது. ஆயிலையும் ஃபில்டரையும் 1,000 கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை மாற்றி, வடித்த ஆயிலை அதே வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் சில்லு எதுவும் தங்கக் கூடாது.